அக்கரையில் அடித்திருக்க வேண்டிய டேரா

காட்டில் டேரா போட இடம் பார்க்கிற வேலையை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. நான் நான்கு வருஷம் பார்த்தேன். ஒருவர் வாயிலிருந்தாவது, ஒரே ஒரு தடவையாவது, "நல்ல இடம்" என்ற சொல் வந்ததில்லை. நிழல் இருந்தால் எறும்பு இருக்கும். தண்ணீர் இருந்தால் கொசு இருக்கும். காற்று வேண்டுமென்று மேட்டில் அடித்தால் கூடாரம் பறக்கும். பறக்கக் கூடாதென்று பள்ளத்தில் அடித்தால் அன்றைக்குப் பார்த்து மழை பெய்யும். மழை பெய்ததற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் இழுபறி நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் திருப்பதியில் குடியிருந்தேன். காடு அளக்கிற குழு ஒன்றில் ரைட்டர் உத்தியோகம். காட்டைச் சுற்றி நட்டிருக்கும் கற்கள் நட்ட இடத்திலேயே இருக்கின்றனவா, இல்லை யாராவது வயலுக்கு வரப்பாகப் பிடுங்கிப் போய்விட்டார்களா என்று பார்த்து வரைபடத்தில் குறிப்பதுதான் எங்கள் வேலை. மாநில எல்லைக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமா வைத்துக்கொள்ளவில்லை.

குழுவுக்கு ஒரு ஆபீசர். கோதாவரிப் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டேரா விஷயத்தில் அவரைத் திருப்திப்படுத்த அந்த ஏழுமலையானாலும் ஆகாது. தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கூடாரத்துக்குள் ஈரம் வரக் கூடாது. மரத்தடியாக இருக்க வேண்டும், ஆனால் டீக் கோப்பையில் இலை விழக் கூடாது. ஊர் பக்கத்தில் இருந்தால் நாய் குலைக்கிறது என்பார், ஊர் தள்ளியிருந்தால் பால் கிடைக்கவில்லை என்பார். நான் ஒரு நாள் முன்னதாகவே மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இடம் பார்த்து, கூடாரம் அடித்து, அடுப்பு வைத்துக் காத்திருக்க வேண்டும். அவர் மறுநாள் சாவகாசமாக ஜீப்பில் வந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்ப்பார். அந்தச் சுற்று முடிவதற்குள் நான் அடுத்த இடத்தை யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஒரு தடவை நல்ல மாமரமாகப் பார்த்து அடித்தேன். அது முசுறு எறும்பு கூடு கட்டின மரம். சிவப்பு எறும்பு சாரை சாரையாகக் கூடாரத்துக் கயிறு வழியாக இறங்கி, ஆபீசரின் சட்டைக்குள் புகுந்து குடித்தனம் நடத்திவிட்டது. அவர் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

அடுத்தது அலிபிரிக்கு வடக்கே, மலையடிவாரத்தில். அங்கே இடம் பார்த்தது நானே இல்லை. ஆபீசர்தான் ஓடை மணலைக் காலால் அழுத்திப் பார்த்து, மெத்தை மாதிரி இருக்கிறது, இங்கேயே போடு என்றார். "சார், இது ஓடை" என்றேன். "தண்ணீர் எங்கே இருக்கிறது, காட்டு" என்றார் தெலுங்கில். இல்லாத தண்ணீரை எங்கே போய்க் காட்டுவது? மறுநாள் சாயங்காலம் மலை மேல் கோடை மழை கொட்டி, அவர் கேட்ட தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது. பூட்ஸ் ஒன்று போயே போய்விட்டது. இடம் பார்ப்பதில் கவனக் குறைவு என்று மெமோ யாருக்கு? எனக்கு! இன்னொரு தடவை இப்படி நடந்தால் சித்தூருக்கு எழுதி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று வாயாலும் சொன்னார். நான் அப்போது தற்காலிகம். ஒரு கடுதாசி போதும், என் உத்தியோகம் காலி.

வண்டிக்காரர் நகரிப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஒரு சாத்திரம் இருந்தது. நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். மாடு தானாகப் போய் எங்கே படுக்கிறதோ அதுதான் டேரா போடுகிற இடம். "ரைட்டரே, நீ ஆயிரம் படிச்சிருப்ப. மாட்டுக்குத் தெரியறது உனக்குத் தெரியாது. பாம்புப் புத்து மேல மாடு படுக்காது, தண்ணி வர்ற எடத்துல படுக்காது" என்பார். மாடு படுக்கும்வரை நான் வெயிலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த மாடுகளும் லேசில் படுக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாமரத்தடியிலும் சரி, ஓடை மணலிலும் சரி, மாடுகள் படுக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதத்தில் நகரி மலைக் காட்டுக்குப் போக உத்தரவு வந்தது. காட்டோரத்தில் இருந்த அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அது என் தாய்மாமன் ஊர். மாமா பெண்ணுக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்து, தாம்பூலம் மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

முறைப்பெண் என்பதற்காக ஏற்பாடான கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும். எட்டாவது வரை படித்தவள். வாய் துடுக்கு. நிச்சயத்தன்று பந்தலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "திருப்பதியில உத்தியோகம்னு சொல்றாங்கோ, பாத்தா எப்பவும் காட்டுலயே கெடக்கறியாமே. நானும் வந்து டேராவுலதான் குந்திக்கினு இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் சொல்வதற்குள் ஆள் இல்லை. அந்தப் பதிலை மூன்று மாதமாக யோசித்து வைத்திருந்தேன். டேரா அவள் ஊரிலேயே விழப் போகிறது என்றால் சந்தோஷமாக இருக்காதா?

வண்டி ஊருக்கு அரை மைல் இருக்கும்போதே மாமா எதிரே வந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பில்லை.

"மாப்ள, ஒரு சமாச்சாரம். டேராவ ஓடைக்கு அந்தாண்ட போட்டுடு. நம்ம தோப்புல வேணாம்."

"ஏன் மாமா? அந்தாண்ட ஒண்ணுமே இல்லியே. முள்ளுதான கெடக்குது."

"முள்ளு இருந்தா வெட்டிக்கலாம். ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்காங்கோ தெரியுமா? ஓடைதான் எல்லையாம். ஓடைக்கு இந்தாண்ட மெட்ராஸு, அந்தாண்ட ஆந்திரா. ஆந்திரா ஆபீசர் டேரா நம்ம தோப்புல வந்து குந்திக்கிச்சுன்னா, அப்பறம் ஊரு அவங்களுதுதான்."

இதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்றும் தள்ள முடியாது. அந்த ஊர்களில் தாத்தா பூட்டன் காலத்திலிருந்து அரசாங்கம் என்றாலே டேராதான். வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்திக்கு அதிகாரி வருவார். எந்தத் தோப்பில் அவர் கூடாரம் விழுகிறதோ, அதைச் சுற்றிய ஊர்களெல்லாம் அவருக்குக் கட்டுப்பட்டவை. பட்டா, தகராறு, மனு எல்லாம் அந்தக் கூடாரத்து வாசலில்தான். முளை அடித்தவன் எவனோ அவனே சர்க்கார் என்று அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாநில எல்லையை யாரோ எங்கேயோ மேசையில் உட்கார்ந்து கோடு போட்டுத் தீர்த்தார்கள். பின்னால் அந்தக் கோடு ஓடைப் பக்கமே வரவில்லை. மாமா ஊர் இன்றைக்கும் ஆந்திராவில்தான் இருக்கிறது, ஓடைக்கு இரண்டு கரையும் சேர்த்து.

எனக்கோ வெயில், பசி, தலையில் மெமோ. சிரித்துவிட்டேன். "டேரா போட்டா ஊரு போயிடுமா? அப்ப சர்க்கஸ்காரன் வந்து டேரா போட்டா ஊரு சர்க்கஸுக்குச் சொந்தமா? நீ வேற மாமா!"

மாமா சிரிக்கவில்லை. "நேத்து எல்லாரும் கூடிக்கினு கூச்சல் போட்டாங்கோ. நான் நடுவுல எழுந்து சொல்லிட்டேன். வர்றது என் மருமவன், என் பேச்சத் தாண்டி ஒரு முளை அடிக்கமாட்டான்னு. ஊரு முன்னால சொல்லிட்டேன் மாப்ள. பொண்ணும் உங்கிட்ட சொல்லச் சொல்லிச்சு."

"சரி, போய்ப் பாக்கறேன் மாமா" என்றேன். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. மாமா அதை நம்பிக்கொண்டு கழனிக்குப் போனார்.

போய்ப் பார்த்தேன், அது பொய்யில்லை. அந்தக் கரையில் கால் வைக்க முடியவில்லை. ஆளுயரத்துக்கு முள். கீழே கருமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடையில் அந்த ஓரத்தில் இருந்த குட்டையில் எருமைகள் ஊறிக்கொண்டிருந்தன, நாற்றம் குடலைப் புரட்டியது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டார். இரண்டும் நின்ற இடத்திலேயே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தன.

"ரைட்டரே, மாடே வேணாம்னுது" என்றார் வண்டிக்காரர்.

"மாட்டுக்கு மாமனார் இல்லைண்ணா" என்றேன் எரிச்சலோடு.

இந்தக் கரையில் இலுப்பைத் தோப்பு. உச்சி வேளையிலும் நிழல் விழுந்து தரை குளிர்ந்து கிடந்தது. பக்கத்திலேயே ஊற்றுக் கிணறு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். மாடுகள் தோப்புக்குள் வந்ததும் படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டன. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தோப்பைப் பார்த்தேன். இவ்வளவு நல்ல இடம் நான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. இதை விட்டுவிட்டு ஆபீசரை முள்ளில் படுக்க வைத்தால் மறுநாளே கடுதாசி சித்தூருக்குப் போகும். உத்தியோகம் போனவனுக்கு மாமா மட்டும் பெண் கொடுத்துவிடுவாரா?

நான் போட்ட கணக்கு இதுதான்: ஆபீசர் வெளி ஆள், அவர் கோபத்துக்கு மருந்தில்லை. மாமா வீட்டு மனுஷர். நாலு வார்த்தை திட்டுவார், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அப்புறம் அத்தை சோறு போடுவாள். வீட்டு மனுஷரை எப்போது வேண்டுமானாலும் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எத்தனை பேர் இந்த நினைப்பிலேயே வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. நான் கெடுத்துக்கொண்டேன்.

"தோப்புலயே அடிங்க" என்றேன்.

முளை அடிக்கிற சத்தம் கேட்டதும் ஊர் கூடிவிட்டது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அதிகாரி டேராவைத் தடுக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. சும்மா நின்று பார்த்தார்கள். கழனியிலிருந்து மாமா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது பெரிய கூடாரம் நிமிர்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருவன், "பேச்சத் தாண்டி ஒரு முளை அடிக்கமாட்டான்னியே. எத்தினி முளைன்னு நீயே பாத்துக்கோ" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சனியன் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. "அந்த நாத்தத் தண்ணிய குடிச்சிக்கினு வெயில்ல நீயா மாமா காயப் போற? உனக்கு இன்னா தெரியும் எங்க வேலையில?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அப்பாடா, சண்டை இல்லாமல் முடிந்தது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. முட்டாளுக்குத் தலையில் கொம்பா முளைத்திருக்கும்?

மறுநாள் ஆபீசர் வந்தார். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். நிழலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாமல் அவர் திண்டாடியதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் "ஊம்" என்றார். அந்த "ஊம்" எனக்குப் பட்டம் சூட்டின மாதிரி இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு கத்தல். "ஏமய்யா ரைட்டர்! இதேம் கேம்ப்?" இது என்ன டேரா என்று கேட்கிறார். ஓடினேன். ஆபீசரின் ஒரு காது வீங்கி வடை மாதிரி இருந்தது. "தோமலு! ராத்ரந்தா நித்ர லேது!" கொசுவாம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லையாம். தோப்பில் காற்றே இல்லை, கிணற்றடி ஈரம், எந்த மடையன் இங்கே டேரா போடுவான் என்று ஒரு பாட்டம் திட்டினார். பிறகு வெளியே வந்து, கண்ணைச் சுருக்கி ஓடைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். வெட்டவெளி, நல்ல காற்று வருகிறது பார், அங்கே போடு, "அக்கட வெய்யண்டய்யா."

முள் இருக்கிறது சார் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் நாறுகிறது என்றும் சொல்லவில்லை. "அலாகே சார்", அப்படியே ஆகட்டும் என்றேன். அவ்வளவுதான். நாலு பேர் அரிவாளோடு இறங்கி முள்ளை வெட்டினார்கள். நான் நின்று விரட்டினேன். கிணற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி வண்டியில் கொண்டுபோக ஏற்பாடு செய்தேன். சூரியன் உச்சிக்கு ஏறுவதற்குள் கூடாரம், அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் அக்கரையில். தோப்பில் முளை பிடுங்கிய பள்ளம் மட்டும்தான் மிச்சம்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டதே! மாமா கேட்ட இடத்திலேயே டேரா. ஆபீசரே சொல்லி மாற்றியது, மெமோவும் இல்லை. சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மாமாவே ஓடையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கையில் பித்தளைத் தட்டு, மேலே துணி மூடியிருந்தது. அத்தை சோறு கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

மாமா தட்டை என் கையில் கொடுத்தார். கனம் சோற்றுக் கனமாக இல்லை. துணியை எடுத்துப் பார்த்தேன். நிச்சயத்துக்கு எங்கள் அம்மா வைத்த சேலை, மடிப்புக் கலையாமல். மேலே குங்குமச் சிமிழ்.

"இன்னா மாமா இது? நீ கேட்ட எடத்துலயேதான இப்ப டேரா கெடக்குது! கண்ணால பாரு!"

"பாத்துக்கினுதான் வந்தேன்" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாங்க கேட்டப்போ முள்ளுன்ன. தண்ணி நாத்தம்ன. வெயிலுன்ன. ஊரு முன்னால கத்தின. அந்தாளு ஒரு கொசுவுக்காகக் கேட்டாரு. கூழு துன்ற நேரத்துக்குள்ள எல்லாத்தையும் பேத்து எடுத்தாந்து போட்டுட்ட. முடியாதுன்னு ஒண்ணும் இல்ல மாப்ள. எங்களுக்காக முடியல, அவ்ளோதான்."

தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "மாமா, என்மேல கோவம்னா நாலு அடி அடி. கோவத்துல இப்படி முடிவு பண்ணாத. அவள ஒரு வார்த்த கேளு."

"நான் கோவத்துல வரல. உங்கத்தையும் நானும், போனாப் போவுது, புத்தி இல்லாம பண்ணிட்டான்னு அன்னிக்கே உட்டுட்டோம். ஆவணிக்குப் பந்தக்காலு வெட்டக்கூட ஆளு சொல்லிட்டேன்." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில தண்ணி எடுக்கப் போனவ, நீ டேராவப் பிரிக்கறத நின்னு பாத்துக்கினு இருந்துட்டு, வெறுங்கொடத்தோட ஊட்டுக்கு வந்தா. இப்ப நான் உங்கிட்ட சொன்னேனே, அதெல்லாம் அவ சொன்னது. நான் ஒரு வார்த்தகூட சேக்கல."